கிழிசலும் ஒரு சாட்சிதான்

குடுமியான்மலையில் குகைக்கோயிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு இருக்கிறது. வயது 1,000 ஆண்டுகளுக்கும் மேல். மங்கிய எழுத்தை இன்று உளியால் புதிதாக வெட்டினால் பளிச்சென்று இருக்கும். ஆனால், பழைய சாட்சி போய்விடும்.

பழைய காமிக்ஸுக்கும் இதே கதைதான். அந்த ஊர்க்காரர் ஒருவரிடம், அப்பா வாங்கித் தந்த முத்து காமிக்ஸ் இருக்கிறது. 1972-ல் ‘இரும்புக்கை மாயாவி’யோடு தொடங்கிய வரிசை. அட்டை கிழிந்து, மடிப்பில் வண்ணம் உதிர்ந்துவிட்டது. மகளின் படிப்புச் செலவுக்காக விற்க நினைத்தார். கலர் தீட்டி, ஓரத்தை வெட்டிச் சீராக்கினால் நல்ல விலை வரும் என்றார்கள்.

நடப்பது நேர்மாறு. காமிக்ஸுக்கு 10 வரை மதிப்பெண் போட்டுத் தரம் பிரிக்கும் அமெரிக்காவின் சிஜிசி நிறுவனம், கலர் தீட்டியதோ ஓரம் வெட்டியதோ தெரிந்தால், வழக்கமான நீலச் சீட்டுக்குப் பதிலாக ஊதாச் சீட்டு வைத்துவிடும். அதே மதிப்பெண் பெற்ற, கைவைக்காத பிரதியைவிட விலை பெரும்பாலும் குறைவுதான். செலோடேப் ஒட்டினாலோ, நாளடைவில் பழுப்பேறித் தாளையே கறையாக்கிவிடும்.

தூசி தட்டி, உறையில் போட்டு, ஈரமும் வெயிலும் படாமல் வைத்தாலே போதும்.

முதல் பக்கத்தில் மகன் பெயரை அப்பா மசிப்பேனாவால் எழுதியிருக்கிறார். அதை அழிக்கவும் அவருக்கு மனமில்லை. விலை கொஞ்சம் குறைந்தாலும் புத்தகம் புத்தகமாகவே போகட்டும் என்று விட்டுவிட்டார்.