திங்கட்கிழமை யாருடையது?



நகரங்களில் வேலை செய்யும் உங்களில் அநேகர், நாற்பது வயதைக் கடந்தபின் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பதுண்டு. "பாஸ்டர், வேலையும் குடும்பமும் போக, எனக்குப் பிரியமான ஒரு காரியத்திற்கு நேரம் எங்கிருந்து கிடைக்கும்?" ஒருவருக்கு அது கிட்டார், மற்றொருவருக்கு மாடித் தோட்டம். எனக்கோ அது ஒரு பழைய மோட்டார் சைக்கிள். ஐம்பது வயதைத் தாண்டிய போதகர் மோட்டார் சைக்கிளைப் பற்றி எழுதுவதா என்று சிலர் வியக்கலாம். ஆயினும் அதன் மூலமாக நான் கற்றுக்கொண்ட பாடம் உங்களுக்கும் பிரயோஜனமாயிருக்கும் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

எங்கள் உதியன்குளங்கரை, நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் இடையே நெடுஞ்சாலையோரம் அமைந்த சிற்றூர். 1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழர் பக்கம் சென்றது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாடு. என் தகப்பனார் அந்த எல்லையை வாரத்திற்கு மூன்று முறை கடந்தவர். பாலராமபுரத்து நெசவாளரிடம் கைத்தறி வேட்டிகளை வாங்கி, மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்த வியாபாரத்திற்காகவே 1986-ஆம் ஆண்டு ஒரு புல்லட் 350 வாங்கினார்.

புல்லட் என்னும் பெயர் 1932-இல் இங்கிலாந்தில் பிறந்தது. 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கூட்டுறவோடு என்ஃபீல்டு இந்தியா உருவாகி, சென்னையை அடுத்த திருவொற்றியூரில் அவ்வண்டி செய்யப்படலாயிற்று. இங்கிலாந்துக் கம்பெனியின் உற்பத்தி 1970-இல் முடிவுக்கு வந்த பின்னும் இங்கே உற்பத்தி நிற்கவில்லை. அந்நாளைய வண்டியில் கியர் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. அதைக் கிளப்புவதற்குப் பொறுமை வேண்டும். சுவிட்சைப் போட்டு, கிக்கரை மெல்ல அழுத்தி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவே வந்து நிற்கும் இடத்தை அறிந்து, டீகம்ப்ரஸர் பிடியை இழுத்து, ஒரு சிறிது தாண்டவிட்டு, அதன்பின் ஒரே உதை. அவசரப்பட்டு உதைப்பவனின் காலை அது திருப்பி உதைக்கும். 2023-இல் வெளிவந்த புதிய புல்லட்டுக்குக் கிக்கரே இல்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

2018-இல் தகப்பனார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வண்டி வீட்டின் பின்புறம் ஓலைச் சாய்ப்பின் கீழ் நின்றது. எங்கள் ஊரில் ஆண்டுக்கு இரண்டு பருவமழை. இரும்புக்கு அது போதும். டாங்கியின் உட்புறம் துருவேறி, கார்புரேட்டர் அடைத்து, ரப்பர் குழாய்கள் வெடித்துக் கிடந்தன. பழைய இரும்புக் கடைக்காரர் விலை கேட்டு வந்தபோது என் மனம் ஒப்பவில்லை. 2023 மார்ச் மாதத்தில் நானே அதைச் சீர்ப்படுத்தத் தீர்மானித்தேன்.

ஞாயிறு ஆராதனை, வீட்டுக் கூட்டங்கள், உபவாச ஜெபம், மருத்துவமனைச் சந்திப்புகள் என்று வாரம் நிறைந்திருக்கும். திங்கட்கிழமை ஒன்றே என் ஓய்வு நாள். காலையில் காப்பி குடித்துவிட்டுச் சாய்ப்புக்குள் சென்றால் மதியம்வரை வெளியே வரமாட்டேன். நெய்யாற்றின்கரையில் பட்டறை வைத்திருக்கும் ஒரு முதியவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார். காண்டாக்ட் பாயிண்ட்களின் இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நிறுத்துவதற்கு எனக்கு இரண்டு திங்கட்கிழமைகள் ஆயின. "பாஸ்டரே, பிரசங்கம் போல நீட்டாதீர்கள், ஒரு நூலளவு போதும்" என்பார் அவர். முப்பது ஆண்டுகளாகப் பிறருக்குப் போதித்தவன், அங்கே மாணாக்கனாக அமர்ந்திருந்தேன். அந்தச் சந்தோஷத்தை நான் மறைக்கவில்லை. கைகளில் கிரீஸ் படிந்த அந்த மணிநேரங்களில் சபையின் பாரங்கள் என் தோளை விட்டு இறங்கியிருந்தன. செவ்வாய்க்கிழமை நான் புதுப்பெலனோடு ஊழியத்திற்குச் சென்றேன் என்பதும் உண்மை.

செய்த வேலைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியும் நேரமும் இட்டு எழுதி வந்தேன். அந்த நோட்டுப் புத்தகமே பின்பு எனக்கு விரோதமாகச் சாட்சி சொல்லிற்று.

அக்டோபர் மாதத்து ஒரு திங்கட்கிழமை. என் மாமியாரைக் கண் பரிசோதனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். நானும் கூட வருவதாக வாக்களித்திருந்தேன். கிளட்ச் பக்கத்து மூடியைக் கழற்றி வைத்திருந்த வேளையில் மனைவி வந்து அழைத்தாள். "பத்து நிமிடம்" என்றேன். மறுபடியும் வந்தாள். மறுபடியும் "பத்து நிமிடம்" என்றேன். மூன்றாம் முறை அவள் வரவில்லை. நான் கை கழுவி வீட்டுக்குள் சென்றபோது மணி பன்னிரண்டரை. மேஜையின்மேல் எனக்குரிய உணவு மூடி வைக்கப்பட்டிருந்தது. கொட்டும் மழையில் ஆட்டோ கிடைக்காமல், எழுபத்தெட்டு வயதுத் தாயாரைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு அவள் பேருந்தில் சென்றிருந்தாள்.

மாலையில் திரும்பி வந்தவள் ஒரு வார்த்தையும் கடிந்து பேசவில்லை. நனைந்த குடையை விரித்து வைத்துவிட்டு, நேரே அடுப்பங்கரைக்குச் சென்றாள். அதுவே என்னை அதிகமாய்க் குத்திற்று.

அன்றிரவு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து கணக்குக் கூட்டினேன். 28 திங்கட்கிழமைகள், 112 மணி நேரம். அந்த 28 நாட்களிலும் அவள் என்ன செய்தாள் என்று எண்ணிப் பார்த்தேன். மூன்று வேளையும் சமைத்தாள். ஜெபத்துக்கென்று வந்தவர்களுக்கு வாசலைத் திறந்தாள். "பாஸ்டர் ஓய்வில் இருக்கிறார்" என்று தொலைபேசியில் எத்தனையோ முறை சொன்னாள். எனக்கு ஓய்வு இருந்தது. அந்த ஓய்வைக் காத்துக்கொண்டு நின்றவளுக்கு இல்லை. வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவே நான் நேரம் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தேன். நான் ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. அவளுடைய நேரத்தை எடுத்துச் செலவழித்திருந்தேன்.

யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்தில் ஓய்வுநாளைக் குறித்த கற்பனை உண்டல்லவா? மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலுக்குள் இருக்கும் அந்நியன் என்று ஓய்வுக்குரியவர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. மனைவி தனியே சொல்லப்படவில்லை. தொடக்கத்தில் வரும் 'நீ' என்னும் சொல்லுக்குள் அவளும் அடக்கம் என்று வேதாகமக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தார்கள்; நானும் அப்படியே பலமுறை போதித்திருக்கிறேன். என் வீட்டிலோ அந்த 'நீ' என்னோடு நின்றுபோயிற்று.

மறுநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டேன். சற்று யோசித்து, "எனக்கு ஒன்றும் வேண்டாம். இரண்டு மணி நேரம் யாரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் போதும்" என்றாள்.

அன்றுமுதல் எங்கள் வீட்டில் ஓர் ஒழுங்கு உண்டாயிற்று. திங்கட்கிழமை காலை ஆறு மணி முதல் ஒன்பது வரை என் நேரம். பத்து முதல் பன்னிரண்டு வரை அவளுடைய நேரம். அப்போது வாசலும் தொலைபேசியும் என் பொறுப்பு. மதியக் கஞ்சியும் பயறும் என் பொறுப்பு. முதல் வாரம் பயறு வேகவில்லை. மூன்றாம் வாரம் ஒரு சகோதரி அழுதுகொண்டு வந்து, "அம்மாவைப் பார்க்க வேண்டும்" என்றார்கள். கதவைத் தட்டக் கை உயர்ந்துவிட்டது. பின்பு அடக்கிக்கொண்டு, "அம்மா பன்னிரண்டு மணிக்கு வருவார்கள், அதுவரை என்னிடம் சொல்லுங்கள்" என்றேன். அந்த இரண்டு மணி நேரத்தில் அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்பதில்லை. சில நாள் உறங்குகிறாள். சில நாள் பாறசாலையில் இருக்கும் தன் தமக்கை வீட்டுக்குப் போய் வருகிறாள்.

டிசம்பரில் முடியவேண்டிய வண்டி வேலை அடுத்த ஆண்டு ஆகஸ்டு மாதம்வரை நீண்டது. அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. வண்டி கிளம்பிய பின் அவளையும் ஏற்றிக்கொண்டு பொன்முடிக்குச் சென்றேன். கேரளத்தில் 2019 டிசம்பர் முதல் பின்னால் அமர்பவருக்கும் தலைக்கவசம் கட்டாயம். அவளுக்கென்று ஒன்று வாங்கியிருந்தேன். கல்லாறு கடந்து இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளையும் ஏறி மேலே சென்றதும் அவள் இறங்கி, "இடம் நன்றாயிருக்கிறது. இடுப்புதான் போயிற்று. அடுத்த முறை நான் பஸ்ஸில் வருகிறேன்" என்றாள். என் பிரியம் அவளுடைய பிரியமாக வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை.

பிரியமானவர்களே, நடுவயதில் ஒரு பொழுதுபோக்கு பாவமன்று. ஆனால் மூன்று காரியங்களை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, உங்கள் மணிநேரங்களை எழுதி வையுங்கள். அந்த வேளையில் உங்கள் வேலையை யார் சுமந்தார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். நகரத்தில் உங்களுக்குச் சாய்ப்பு இல்லாதிருக்கலாம். கைபேசியோடு நீங்கள் ஒதுங்கும் அறையும் ஒரு சாய்ப்பே. இரண்டாவது, எடுத்த நேரத்தைத் திரும்பக் கொடுங்கள். பரிசுப்பொருளால் அதை ஈடுகட்ட முடியாது. நேரத்தை நேரத்தால்தான் கொடுக்க வேண்டும். மூன்றாவது, உங்கள் சரீரத்தின் அளவை அறிந்துகொள்ளுங்கள். ஐம்பத்தைந்து வயதுக்குப் பின் ஓட்டுநர் உரிமத்தை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று சட்டம் வைத்திருப்பது காரணமின்றி அல்ல. எதிரே வரும் விளக்குகள் என் கண்ணைக் கூசச் செய்வதால், பொழுது சாய்ந்தபின் நான் அந்த வண்டியை எடுப்பதில்லை.

இன்றும் சில திங்கட்கிழமைகளில், மணி ஒன்பதாகும்போது ஏதாவது ஒரு நட்டு பாதியில் நிற்கும். "பத்து நிமிடம்" என்று நாவு எழும்பும். அப்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பயறு களையப் போகிறேன். உங்கள் வீட்டில் ஓய்வு ஒருவருக்கு மட்டும் உரியதாயிராமல், யாவருக்கும் உண்டாகும்படி கர்த்தர் கிருபை செய்வாராக.