தீர்ந்த மைக்குழாய்

மைப்பேனை பாவிப்போர் அருகிவிட்டனர் என்பது உண்மைதான். ஆயினும் எஞ்சியிருக்கும் எம்போன்றோருக்கென ஒரு தனித் தொல்லை உண்டு. புலம்பெயர்ந்த உறவினர் அன்போடு கொண்டுவந்து தரும் பேனைகள் பெரும்பாலும் 'காட்ரிட்ஜ்' எனப்படும் பிளாஸ்டிக் மைக்குழாயைச் செருகும் வகையின. கூட வந்த ஓரிரு குழாய்கள் தீர்ந்ததும் பேனை மேசை லாச்சிக்குள் உறங்கப் போய்விடும். ஜேர்மனியில் அது பாடசாலைப் பிள்ளைகள் வாங்கும் சாதாரணப் பொருள். எமது ஊர்க் கடையில் கேட்டாலோ, கணினி அச்சுப்பொறிக்கான காட்ரிட்ஜை எடுத்து நீட்டுகிறார்கள்.

ஆனால் அந்தக் குழாய் ஒருமுறை பாவித்துவிட்டு எறிய வேண்டிய பொருளன்று. பாமசியில் வாங்கும் சிறிய சிரிஞ்ச் ஒன்றும் ஒரு போத்தல் மையும் போதும். தீர்ந்த குழாயைக் கழற்றி, உள்ளே நீரைப் பாய்ச்சிக் கழுவி, நன்றாக உலரவிட வேண்டும். குழாய்க்குள் சிறு குண்டு ஒன்று உருளும். முதலில் வாயை அடைத்திருந்தது அதுதான். பேனையில் செருகியபோது உள்ளே விழுந்தது. அது அங்கேயே கிடக்கட்டும். பின்னர் ஊசி முனையைக் குழாயின் அடிவரை விட்டு, மையை மெதுவாகச் செலுத்த வேண்டும். மேலிருந்து ஊற்றினால் காற்று சிறைப்பட்டுக் குமிழியாகிவிடும். அடியிலிருந்து நிரப்பினால் காற்று தானாகவே வெளியேறும். வாய்வரை நிரப்பாமல் சற்று இடம் விடுவது நல்லது. செருகிய பின் சில நிமிடங்கள் நிப் கீழ்நோக்கி இருக்கும்படி வைத்தால் மை இறங்கிவிடும்.

சிறிய குழாயொன்று ஏறத்தாழ 0.8 மில்லிலீற்றர் கொள்ளும். 30 மில்லிலீற்றர் போத்தலால் முப்பத்தைந்து தடவைக்கு மேல் நிரப்பலாம். கணக்குப் பார்க்கும் குணமுடையோருக்கு இதுவே போதிய நியாயம்.

எனக்கு இதைவிட வேறொரு நியாயம் உண்டு. குழாயை நாமே நிரப்பினால் எந்த மை என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். பேனையோடு வருவது பெரும்பாலும் கழுவினால் போய்விடும் நீல மை. அந்தப் பிள்ளைகளின் சட்டையில் பட்டால் நீங்க வேண்டும், பிழையாக எழுதினால் அழிக்க வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. அவர்களுக்கு அது வசதி. செய்தியாளனின் குறிப்புக் கொப்பிக்கு அது ஆகாது.

2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அமர்ந்தபோது நானும் சென்றிருந்தேன். வயதான தாயொருவர் மகனின் பெயரையும், அவனைக் கையளித்த திகதியையும் சொன்னார். நான் எழுதி முடித்ததும் கொப்பியைத் தன் பக்கம் திருப்பி, எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தார். “தம்பி, இனிசலையும் போடுங்கோ” என்றார். வெயிலில் என் கையெல்லாம் வியர்வை. நீல மையாக இருந்திருந்தால் அந்தப் பக்கம் மாலைக்குள் கலங்கியிருக்கும்.

அன்று என் பேனையில் இருந்தது இரும்புச் சேர்மானமுள்ள நீலக்கறுப்பு மை. கடுக்காயின் துவர்ப்போடு அன்னபேதி சேர்ந்தால் கருமை பிறக்கும் என்பது எம் முன்னோர் அறிந்த இரசாயனம். இந்த மையின் அடிப்படையும் அதுவே. எழுதும்போது வெளிறித் தெரியும்; காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். ஈரம் பட்டால் நீலம் கரையலாம், கறுப்பு நிற்கும்.

இந்த மைக்குச் சில உபசாரங்கள் தேவை. பேனையை வாரக்கணக்கில் எழுதாமல் போடக்கூடாது. உலர்ந்தால் உள்ளே அடைத்துக்கொள்ளும். வேறு மைக்கு மாறும்போது குளிர்ந்த நீரால் முழுவதும் கழுவ வேண்டும். இரண்டு மைகள் கலந்தால் கசடு படியக்கூடும். வரைபவர்கள் பாவிக்கும் அரக்குச் சேர்ந்த கறுப்பு மையை மைப்பேனைக்குள் விடவே கூடாது.

குழாய்க்கும் ஆயுள் உண்டு. கழற்றிச் செருகிக் கழற்றிச் செருக அதன் வாய் தளர்ந்து, ஒருநாள் சட்டைப் பையில் கசியும். நான் இப்போது பாவிப்பதை ஏழு தடவை நிரப்பிவிட்டேன். நேற்று விரலில் இலேசாகக் கறை தெரிந்தது. லாச்சிக்குள் இன்னும் மூன்று வெற்றுக் குழாய்கள் இருக்கின்றன. அவற்றிலொன்றை இன்றிரவு கழுவி வைக்க வேண்டும்.