ஆஃபர் லெட்டர் வந்தது, வேலை வரவில்லை!

2021 கடைசியில் ஒரு நாள், பெரியவள் கல்லூரியிலிருந்து போன் பண்ணி, "அம்மா, கேம்பஸ்ல செலக்ட் ஆயிட்டேன்!" என்று கத்தியபோது நான் குழம்புக்குத் தாளித்துக் கொண்டிருந்தேன். கடுகு கருகியே போய்விட்டது. அன்றைக்கு எங்கள் வீட்டில் குழம்பை யாரும் குறை சொல்லவில்லை!

எங்கள் ஊர் பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரை. மூன்று ஏக்கர் சொச்சம் நஞ்சை. அதை நம்பித்தான் இரண்டு பெண்களைப் படிக்க வைத்தோம். வருஷத்துக்கு மூன்றரை லட்சம் சம்பளம் என்றதும் என் மாமியார் கோடி வீடுவரை போய்ச் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தார். 2022-இல் மேட்டூர் அணையையும் மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். வழக்கமான ஜூன் 12-க்கு முன்னாலேயே ஆற்றில் தண்ணீர்! "பொண்ணுக்கு வேலை, வயலுக்குத் தண்ணி, இனிமே நமக்கு என்ன கவலை?" என்றார் இவர்.

ஜூனில் அவள் பரீட்சை முடிந்தது. ஜூலையில் கூப்பிடுவார்கள் என்றாள். பிறகு தீபாவளிக்கு முன் என்றாள். பொங்கலும் வந்து போயிற்று. மாதம் ஒரு மெயில் மட்டும் தவறாமல் வரும்: 'சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும்.'

நமக்குத் தெரிந்தது என்ன? அரசாங்க ஆர்டர் வந்தால் வேலை வந்த மாதிரி. இதுவும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டேன். ஐ.டி. கம்பெனி விஷயமே வேறு என்று அவள்தான் எனக்குப் பாடம் நடத்தினாள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து வேலை வருவதற்கு முன்பே கம்பெனிகள் பிள்ளைகளை எடுத்து, பயிற்சி கொடுத்து, உட்கார வைத்திருக்குமாம். அதற்கு 'பெஞ்ச்' என்று பெயர். இவர் அதைக் கேட்டுவிட்டு, "ஓகோ, நாத்தங்கால்னு சொல்லு" என்றார். வேலை வந்தால் பிடுங்கி நடுவார்கள். வராவிட்டால் நாற்று அங்கேயே முற்றிப் போகும்.

கொரோனாவுக்குப் பிறகு உலகமே கம்ப்யூட்டருக்கு மாறியதால், 2021-22 நிதியாண்டில் டி.சி.எஸ். ஒன்றே சுமார் 1 லட்சம் புதியவர்களை எடுத்தது. இன்ஃபோசிஸ் 85,000 பேரை எடுத்தது. அப்புறம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாடிக்கையாளர்கள் செலவைக் குறைத்தார்கள். 2023-24 முடிவில் கணக்குப் பார்த்தால் டி.சி.எஸ்.ஸில் முந்தைய வருஷத்தைவிட 13,249 பேரும், இன்ஃபோசிஸில் 25,994 பேரும் குறைவு. (என் பெண்ணுக்கு லெட்டர் கொடுத்தது இந்த இரண்டில் ஒன்று என்று யாரும் அர்த்தம் பண்ணிக்கொள்ள வேண்டாம். பெயரைச் சொல்லப் போவதில்லை.) சென்னையில் சளி பிடித்தால் நமக்குத் தும்மல் வருவது தெரியும். அமெரிக்காவில் யாரோ பெட்டியை மூடினால் பாபநாசத்தில் ஒரு பெண் வீட்டில் உட்கார வேண்டி வரும் என்று யார் கண்டது?

அவளைவிட எனக்குத்தான் வெளியே தலைகாட்ட முடியவில்லை. ரேஷன் கடை, கோயில், கல்யாண வீடு, எங்கே போனாலும் "இன்னும் கூப்பிடலையாக்கா?" என்ற கேள்வி. "வேலைன்னு சொல்லி ஜாதகத்தை நிறுத்தி வெச்சீங்களே" என்று நாத்தனார் வேறு. ஒரு ராத்திரி அவள் மொட்டை மாடியில் தனியாக உட்கார்ந்து அழுததைப் பார்த்துவிட்டேன். தாய் மனசு கேட்குமா?

2023-இல் ஒருவர் வந்தார். சொந்தக்காரருக்குச் சொந்தக்காரர். சென்னையில் கன்சல்டன்சி வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்றரை லட்சம் கட்டினால் 'பேக்டோர்' வழியாக வேலை. இரண்டு வருஷம் வேலை பார்த்ததாகச் சர்டிபிகேட்டும் அவரே வாங்கித் தருவாராம். அது வேண்டாம் என்றால் தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, மாதம் 80,000! ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளை மட்டும் முதலில் கொடுத்துவிட வேண்டும்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வீட்டில் ஒருத்தரிடமும் சொல்லாமல் என் ஐந்து பவுன் சங்கிலியையும் வளையல்களையும் எடுத்துக்கொண்டு நகைக்கடன் வாங்க வங்கிக்குப் போய்விட்டேன். வரிசையில் எனக்கு முன்னால் இரண்டு பேர்தான். சின்னவள் சொல்லித் தெரிந்துகொண்டு பெரியவள் சைக்கிளில் மூச்சு வாங்க வந்து நின்றாள். என்னைத் திட்டவில்லை. வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அம்மா, வேலை பார்த்தா பி.எஃப். கட்டுவாங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரே நம்பர். எந்தக் கம்பெனியில எந்தத் தேதியில இருந்தேன்னு அதுல தெரிஞ்சுடும். பொய் எக்ஸ்பீரியன்ஸ் காட்டிச் சேர்ந்தா ஆறு மாசம் கழிச்சாவது பிடிச்சிடுவாங்க. அப்புறம் ஜென்மத்துக்கும் எனக்கு வேலை கிடையாது."

"அப்போ தாய்லாந்து?"

அதற்கு அவள் போனை எடுத்துக் காட்டினாள். 2022-இல் தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போன நம் பிள்ளைகளை எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோய், ஆயுதக் காவலில் வைத்து, இணைய மோசடி வேலை செய்ய வைத்திருக்கிறார்கள். அந்த வருஷம் செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. அக்டோபரில் தமிழர்கள் 13 பேரை மீட்டுச் சென்னைக்கு அழைத்து வந்தார்கள். படிக்கப் படிக்க என் கை நடுங்கியது. நகைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சகோதரிகளே, இதை மட்டும் தயவுசெய்து கேட்டுக் கொள்ளுங்கள். வேலை கொடுப்பவன் நமக்குச் சம்பளம் தருவான். நம்மிடம் பணம் கேட்க மாட்டான். 'டெபாசிட்', 'டிரெய்னிங் ஃபீஸ்', 'லேப்டாப்புக்கு முன்பணம்' என்று எந்தப் பெயரில் கேட்டாலும் கதவைச் சாத்துங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கையிலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். வெளிநாடு என்றால், ஏஜென்ட் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று 'இ-மைக்ரேட்' இணையதளத்தில் பார்த்துவிடலாம். டூரிஸ்ட் விசாவில் போய் வேலை பார்க்கலாம் என்றால் அது பொய்.

அந்த வருஷம் வயலும் எங்களைச் சோதித்தது. ஜூன் 12-இல் அணையைத் திறந்தார்கள். ஆனால் தண்ணீர் இல்லாமல் அக்டோபர் 10-ஆம் தேதி மூடிவிட்டார்கள். இவர் வரப்பில் உட்கார்ந்திருப்பார், அவள் திண்ணையில் உட்கார்ந்திருப்பாள். நான் இரண்டு பேருக்கும் காபி போட்டுக் கொடுப்பேன்.

எத்தனை நாள் அப்படி இருப்பாள்? எங்கள் ஊர் அரிசி ஆலைக்காரர் கணக்கு நோட்டோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, இதை நான் கம்ப்யூட்டர்ல போட்டுத் தரட்டுமா?" என்று கேட்டிருக்கிறாள். கூலி ஒன்றும் பேசவில்லை. ஒரு மாதம் ராப்பகலாக உட்கார்ந்து புரோகிராம் எழுதினாள். முதல் நாள் போட்டுப் பார்த்தால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது! வந்த நெல்லுக்கும் காட்டும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. அவள் முகம் வாடிவிட்டது.

நான் எட்டிப் பார்த்தேன். "மூட்டைக்கு எத்தனை கிலோடி போட்டிருக்க?"

"நாப்பது."

"அது கொள்முதல் நிலையத்து மூட்டை. வியாபாரி எடுக்கிற மூட்டை அறுபது கிலோ ஆச்சே!"

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... பிளஸ் டூ படித்த என்னை என்ஜினீயர் அப்படிப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க யோசிப்பது, சாக்கு எடை கழிப்பது எல்லாவற்றையும் என்னிடமும் இவரிடமும் கேட்டுக் கேட்டு எழுதினாள்.

2024 ஜூனில் திருச்சி நவல்பட்டு எல்காட் பூங்காவில் ஒரு சிறு கம்பெனியில் இன்டர்வியூ. "ரெண்டு வருஷம் சும்மாவா இருந்தே?" என்றுதான் முதல் கேள்வியாம். ஆலைக் கணக்கை எடுத்துக் காட்டியிருக்கிறாள். மூட்டைக் கதையையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறாள். முக்கால் மணி நேரம் அதைப் பற்றியே கேட்டார்களாம். மார்க்கைப் பற்றிக் கேட்டதெல்லாம் இரண்டு நிமிஷம்தான். மாதம் 18,000 சம்பளம். லெட்டரில் இருந்ததைவிடக் குறைவுதான். ஆனால் இது ஒன்றாம் தேதி கைக்கு வருகிறது!

அவள் சொல்வதைக் கேட்டால், இப்போது புரோகிராமின் பாதியைச் செயற்கை அறிவே எழுதிவிடுகிறதாம். அதில் எது தப்பு என்று கண்டுபிடிக்கிற ஆள்தான் வேண்டுமாம். பெரிய கம்பெனி என்றால் ஆயுசுக்கும் உத்தரவாதம் என்ற நினைப்பும் போய்விட்டது. 2025 ஜூலையில் டி.சி.எஸ். சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாக அறிவித்தது. பெரும்பாலும் நடு, மேல் நிலையில் இருப்பவர்கள். நாற்பது வயதில், வீட்டுக் கடனோடு இருக்கிறவர்கள் என்ன பாடுபடுவார்கள் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ஆறு மாதச் சம்பளம் கையில் சேரும்வரை கடன் என்ற பேச்சே கூடாது என்று. தஞ்சாவூர் மேலவஸ்தாசாவடியிலும் 2024 செப்டம்பரில் டைடல் நியோ பூங்காவைத் திறந்திருக்கிறார்கள். சின்னவள் படிப்பு முடிக்கும்போது வீட்டிலிருந்தே போய்வர முடிந்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

பழைய கம்பெனியிலிருந்து அப்புறம் மெயில் வந்தது. இவள் வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது மாதம்! இன்னொரு பரீட்சை எழுதிப் பாஸ் பண்ணினால் சேர்த்துக் கொள்வார்களாம். இவர் "பெரிய பேரு, யோசிச்சுக்கம்மா" என்றார். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், "வரவில்லை, நன்றி" என்று மரியாதையாக எழுதிப் போட்டுவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலைக்காரர் போன் பண்ணினார், கம்ப்யூட்டரில் ஏதோ நின்று போய்விட்டதாம். அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, "அம்மா, நீயும் வா. தவிட்டுக் கணக்குல ஒண்ணு கேக்கணும்" என்றாள். உலையை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்பினேன்.