ஆறாவது மனிதர்

மேல்நாட்டு றொக் இசை என்றவுடன் முகஞ் சுளிக்கும் பெரியோர் எமது கல்லூரி ஆசிரியர் அறையில் இன்றும் உளர். அவர்களோடு வழக்காடுவது எமது நோக்கமன்று. தேவாரப் பண்ணிலே திளைத்த செவிக்கு அது வெறும் இரைச்சலாகவே படும்; எமக்கும் பாதி அப்படித்தான் படுகிறது. மின்சாரமில்லாத தொண்ணூறுகளிலே சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலத்தில், தற்செயலாக எம் காதில் விழுந்த இசை அது. ஆயினும், 1962ஆம் ஆண்டு லண்டனிலே தொடங்கி அறுபது ஆண்டுகளுக்கு மேலாகக் கலையாது நிற்கும் றோலிங் ஸ்ரோன்ஸ் குழுவினரின் கதையைப் படிக்குந்தோறும், அவர்தம் பாட்டைவிட அக்குழுவிலிருந்த ஒரு மனிதரே எம் நெஞ்சைவிட்டு அகலாதிருக்கிறார். அவர் பெயர் இயன் ஸ்ருவேட். குழுவின் புகழ்பெற்ற படங்களிலே தேடினால் அவர் அகப்பட மாட்டார்.

அவ்வாண்டு மே மாதத்தில் பிறையன் ஜோன்ஸ் என்னும் வாலிபர், இசைக்குழு ஒன்று அமைக்க ஆட்கள் வேண்டுமென ஜாஸ் இசைப் பத்திரிகை ஒன்றிலே விளம்பரஞ் செய்தார். அதைக் கண்டு முதலில் வந்தவர் ஸ்ருவேட். ஸ்கொத்லாந்திலே பிறந்தவர், பெரிய இரசாயனக் கம்பனியொன்றில் எழுதுவினைஞர், பியானோ வாசிப்பதில் கைதேர்ந்தவர். மிக் ஜாகரும் கீத் றிச்சட்ஸும் அவருக்குப் பின் வந்தவர்களே. சிறுவயதில் ஒரே பள்ளியிற் படித்துப் பிரிந்த அவ்விருவரும், 1961 ஒக்டோபரில் டாட்போட் புகையிரத நிலையத்தில் மீண்டும் சந்தித்தனர். ஜாகரின் கையிலிருந்த அமெரிக்க நீக்ரோ இசைத்தட்டுக்களே அவர்களைப் பேசவைத்தன. மடி வோட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரின் பாட்டொன்றிலிருந்து குழுவுக்குப் பெயர் பிறந்தது. 1962 யூலை 12ஆந் திகதி மார்க்கீ மண்டபத்தில் முதற் கச்சேரி நடைபெற்றபோது பியானோவின் முன் இருந்தவர் ஸ்ருவேட்டே. தமது அலுவலகத் தொலைபேசியிலே பேசிக் கச்சேரிகளை ஒழுங்குசெய்தவரும் அவரே.

1963இல் அன்ட்ரூ ஓல்ட்ஹாம் என்பவர் முகாமையாளராக வந்து சேர்ந்தார். அவருக்கு வயது பத்தொன்பது. ஆறு முகங்களை இரசிகர்கள் நினைவில் வைத்திருக்க மாட்டார்கள், ஐந்து போதும், அகன்ற தாடையும் பருத்த உடலுமுடைய ஸ்ருவேட்டின் தோற்றமோ எடுபடாது. இதுவே அவருடைய தீர்ப்பு. மேடையில் இடமில்லை, ஆனால் வண்டி ஓட்டலாம், வாத்தியங்களைச் சுமக்கலாம், ஒலிப்பதிவிலே பியானோ வாசிக்கலாம் என்றனர். ஸ்ருவேட் அதற்கு இசைந்தார்.

பரிசளிப்பு விழா நாடகத்துக்குப் பிள்ளைகளைத் தெரிவுசெய்யும் வேலை ஆண்டுதோறும் எமது தலையிலே விழுகிறது. வேஷத்துக்கு வாய்ப்பான முகமில்லை என்று திரையிழுக்க அனுப்பப்படும் பிள்ளையின் கண்களை நாம் பார்த்திருக்கிறோம். மறுநாள் ஒத்திகைக்கு அவன் வருவானா என்பதே எமது கவலை. பெரும்பாலும் வருவதில்லை, வரவில்லையென்று அவனைக் குறைகூறவும் எமக்கு மனம் வருவதில்லை. ஸ்ருவேட்டோ மறுநாளும் வந்தார். இருபத்திரண்டு ஆண்டுகள் வந்துகொண்டே இருந்தார்.

இதைக்கொண்டு அவரை வாயில்லாப் பூச்சி என்று எண்ணிவிடலாகாது. உலகமே கொண்டாடிய அந்நட்சத்திரங்களை மேடைக்கு அழைக்கச் செல்லும்போது, இப்பத்திரிகையில் அச்சிட இயலாத செல்லப் பெயர்களைச் சொல்லியே அழைப்பாராம்! சோகச் சுவை பயக்கும் மைனர் சுரக்கூட்டுக்கள் அவருக்குப் பிடியா. அவை வரும் இடத்திலே கையை எடுத்துவிடுவார். 1969இல் ‘வைல்ட் ஹோர்ஸஸ்’ பாடலைப் பதிவுசெய்தபோது அவர் வாசிக்க மறுத்தமையால் வேறொருவர் பியானோ வாசிக்க நேர்ந்தது. கொல்ப் விளையாட்டிலே அவருக்குத் தீராத மோகம். ஆகையால் நகரத்துக் கேளிக்கைகளை எதிர்பார்த்து வந்த குழுவினர், பல வேளைகளில் கொல்ப் திடலருகே அவர் அமர்த்திய விடுதிகளிலே கண்விழித்தனர்.

குழுவின் ஏனைய வரலாறு பலரும் அறிந்ததே. 1965இல் ‘சற்றிஸ்பக்சன்’ பாடல் அவர்களை உலகறியச் செய்தது. 1967இல் போதைப்பொருள் வழக்கு. 1969இல் பிறையன் ஜோன்ஸ் குழுவினின்றும் விலக்கப்பட்டு, ஒரு மாதத்துக்குள் தமது வீட்டு நீச்சற் குளத்திலே இறந்துகிடந்தார், வயது இருபத்தேழு. அவ்வாண்டு டிசம்பரில் கலிபோர்ணியாவில் நிகழ்ந்த இலவசக் கச்சேரியிலே, மேடைக்கு அருகில் ஒரு வாலிபர் குத்திக் கொல்லப்பட்டார். 1971இல் வரிச்சுமைக்கு அஞ்சிப் பிரான்சுக்குக் குடிபெயர்ந்தனர். ஜோன்ஸின் இடத்துக்கு வந்த மிக் ரெய்லரும் 1974இல் விலகினார். பின்னர் றொனி வூட் வந்தார். விளம்பரஞ் செய்து குழுவைத் தோற்றுவித்தவர் ஏழாண்டுகளில் மறைந்துபோக, முகம் சரியில்லையென்று விலக்கப்பட்டவர் ‘பிறவுன் சுகர்’ முதலிய பாடல்களில் வாசித்துக்கொண்டும், மேடையின் ஓரத்தில் பியானோவோடு அமர்ந்துகொண்டும் இருந்தார் என்பதை எண்ணுகையில் எமக்கு வியப்பே மேலிடுகிறது.

1985 டிசம்பர் 12ஆந் திகதி, வைத்தியரைக் காணக் காத்திருந்த அறையிலே, ஸ்ருவேட்டின் இருதயம் நின்றது. வயது நாற்பத்தேழு. அக்காலத்தில் ஜாகருக்கும் றிச்சட்ஸுக்கும் இடையே கடும் மனக்கசப்பு. எனினும் 1986 பெப்ரவரியில் லண்டனிலுள்ள சிறிய மண்டபமொன்றிலே, அவருக்கு அஞ்சலியாகக் குழுவினர் ஒருங்கே கூடி வாசித்தனர். 1989இல் அமெரிக்காவிலே றொக் இசைஞர்க்குரிய உயர்ந்த கௌரவம் குழுவினருக்குக் கிட்டியபோது, ஸ்ருவேட்டின் பெயரையும் சேர்க்கவேண்டுமெனக் கேட்டுச் சேர்ப்பித்தனர். 2010இல் வெளியான தமது சுயசரிதையில் றிச்சட்ஸ், அது ஸ்ருவேட்டின் குழுவே என்றும், தாம் இன்னும் அவருக்காகவே உழைப்பதாகவும் எழுதியுள்ளார். 2021இல் மேளகாரர் சாளி வாற்ஸும் எண்பதாம் வயதிற் காலமானார். 2023இல் மீண்டும் புதிய இசைத்தட்டு வெளியாயிற்று. அதன் இறுதியில், தமக்குப் பெயர் தந்த அந்தப் பழைய பாட்டை ஜாகரும் றிச்சட்ஸும் இருவராக இசைத்துள்ளனர்.

ஸ்ருவேட் மறைந்த மறு ஆண்டு வெளியான ‘டேர்ட்டி வேர்க்’ இசைத்தட்டின் கடைசியில், ஏறக்குறைய அரை நிமிடம் அவருடைய பியானோ மட்டும் தனியே ஒலிக்கின்றது. உறையிலுள்ள பாடல் வரிசையில் அதற்குப் பெயரில்லை. அண்மையில் எமது வகுப்பு மாணவர் சிலருக்கு அதைப் போட்டுக் காட்டினோம். “பாட்டு எப்ப சேர் தொடங்கும்?” என்று ஒருவன் கேட்டான். அதற்குள் அது முடிந்துவிட்டது.