கார்த்திகைக்குக் குருத்தோலை வெட்டும் ஊர்

திருச்செந்தூரிலிருந்து தெற்கே குலசேகரன்பட்டினம் வழியாக உடன்குடிக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தால் விடக்கூடாது. இடப்பக்கம் கடற்காற்று, வலப்பக்கம் செம்மணல். சுமார் 15 கிலோமீட்டர் தூரந்தான். ஆனால் வழி முழுக்கப் பனை. வரிசை வைத்து நட்ட தோப்பு என்று சொல்ல முடியாது. வேலியோரம், குளத்தங்கரை, சுடுகாட்டுப் பக்கம், முருங்கைத் தோட்டத்து வரப்பு என்று எங்கே இடம் கிடைத்ததோ அங்கே நிற்கிறது. குலசேகரன்பட்டினத்தை இன்று பலரும் தசராவுக்காகவும், 2024-இல் அடிக்கல் நாட்டப்பட்ட ராக்கெட் ஏவுதளத்துக்காகவும் அறிவார்கள். ஒரு காலத்தில் அந்த ஊரில் கருப்பட்டியிலிருந்து வெள்ளைச் சர்க்கரை எடுக்கும் ஆலை இருந்தது. அதற்கென்றே சிறு ரயிலும் ஓடியது. இப்போது ஆலையும் இல்லை, ரயிலும் இல்லை. பனை மட்டும் நிற்கிறது.

இந்த மண்ணைத் தேரி என்பார்கள். காற்று கொண்டுவந்து குவித்த செம்மணல் மேடு. மழை பெய்தால் தண்ணீர் நிற்காமல் உள்ளே இறங்கிவிடும். கடலை ஒட்டிய கிணறுகளில் உப்பு ஏறும். நெல்லுக்குப் பொருந்தாத நிலம். அதனால்தான் இங்கே சமையலறையின் ஆதாரமே பனையாகிப் போனது. தஞ்சாவூர்ப் பக்கம் பண்டிகை என்றால் நெல்லையும் வெல்லத்தையும் வைத்துக் கணக்குப் போடுவார்கள். உடன்குடிப் பக்கம் பரணில் எத்தனை கிலோ கருப்பட்டி இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள்.

அந்தக் கணக்கு சரியாகத் தெரிவது திருக்கார்த்திகை அன்றுதான். தீபாவளியைவிட இந்தப் பக்கத்துக் கிராமங்களில் கார்த்திகைக்குப் பனையோடு ஒட்டுறவு அதிகம். கோயில் முன்னால் கொளுத்தும் சொக்கப்பனை பனை. பிள்ளைகள் தீப்பொறி பறக்கச் சுற்றும் மாவலி, ஆண்பனையின் பூவைக் கரியாக்கி இடித்த பொடி. வீட்டுக்குள் அவியும் கொழுக்கட்டை பனையோலைக்குள் இருக்கிறது, அதன் இனிப்பும் பனையிலிருந்தே வருகிறது. விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் மட்டும்தான் வெளியிலிருந்து வரவேண்டும்.

உடன்குடிக்குத் தெற்கே உள்ள ஒரு சிற்றூரில், பண்டிகை அன்று காலையிலேயே ஒரு வீட்டு முற்றத்தில் குருத்தோலை வந்து இறங்கிவிட்டது. வெட்டியவர் அந்த வீட்டுப் பெரியவர். வயது அறுபதைத் தாண்டியவர். ஓலைக்காக அவர் உயர்ந்த மரத்தில் ஏறவில்லை. ஆள் உயரம், ஒன்றரை ஆள் உயரம் நிற்கும் வடலிகளில்தான் வெட்டியிருக்கிறார். ஒரு வடலிக்கு ஒரு குருத்துக்கு மேல் தொடுவதில்லை என்பது அவர் வைத்திருக்கும் விதி. அது சரியான விதியும்கூட. தென்னையைப் போலவே பனைக்கும் வளரும் முனை ஒன்றே ஒன்று. ஆசைப்பட்டு அடிவரை நோண்டி எடுத்தால் மரமே பட்டுவிடும். சந்தையில் கட்டுக்கட்டாகக் குருத்து விற்கத் தொடங்கிய பிறகு இந்த விதியை எல்லோரும் பார்ப்பதில்லை.

ஓலையை ஈர்க்கு நீக்கித் துடைத்து ஒரு சாண் நீளத்துக்கு நறுக்குகிறார்கள். முற்றிய ஓலை ஆகாது, மடித்தால் ஒடியும். மஞ்சள் கலந்த வெள்ளையாக, கையில் சுருட்டினால் வளைகிற பதத்தில் இருக்கவேண்டும். அந்த இளம் ஓலைக்குத்தான் ஆவியில் வேகும்போது மணம் இறங்கும்.

மாவு வேலை முந்தின நாளே முடிந்துவிட்டது. ஒரு கிலோ பச்சரிசியை ஊறவைத்து, நீர் வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் இருக்கும்போதே இடித்துச் சலித்து, மணம் வரும்வரை வறுத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு முக்கால் கிலோ கருப்பட்டி, ஒரு பெரிய தேங்காயின் துருவல், ஒரு கைப்பிடிக்கு இரண்டு கைப்பிடியாக வறுத்த சிறுபருப்பு, ஏலக்காய், சுக்கு. கருப்பட்டியைத் தட்டி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் காய்ச்சிக் கட்டாயம் வடிகட்ட வேண்டும். பதநீர் இறக்கும் கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால் அடியில் கொஞ்சம் மண்டி தங்கும், மணலும் இருக்கும். வடிகட்டிய பாகை மறுபடி அடுப்பேற்றி, கொதி வந்ததும் மாவில் ஊற்றிக் கிளறுகிறார்கள். கையில் பிடித்தால் பிடியாக நிற்கவேண்டும், விரலில் ஒட்டக் கூடாது. அந்த மாவை ஓலையின் மடிப்புக்குள் நிரப்பி, மேலே இன்னொரு துண்டு ஓலையை மூடி, ஓலை நாராலேயே கட்டி, இட்லிப் பானையில் அடுக்கி அரைமணி நேரம் அவித்தால் ஓலைக் கொழுக்கட்டை.

இந்த வேலைக்கு நடுவில்தான் மருமகள் குரல் கொடுத்தார். “அத்தே, பாகு கிளறக் கிளற ஒரு மாதிரி வெளுத்துட்டு வருது, பாருங்க.”

மாமியார் எட்டிப் பார்த்தார். “கடைக் கருப்பட்டியா போட்ட? அது வேண்டாம் தாயி. ஆறினா கல்லாப் போயிரும். பரண்ல மாமா வச்சிருக்கத எடுத்துட்டு வா.”

பரண் என்பது அடுப்புக்கு மேலே புகை படுகிற தட்டு. கருப்பட்டி ஈரத்தை இழுக்கும் பண்டம். ஐப்பசி, கார்த்திகை மழைக்காற்றில் வெளியே வைத்தால் வியர்த்து உருகிப் பூசணம் பிடிக்கும். பதநீர்க் காலம் தை, மாசியில் தொடங்கி ஆனி, ஆடியோடு முடிந்துவிடும். அப்போது காய்ச்சியதைக் கார்த்திகைவரை ஐந்தாறு மாதம் காப்பாற்ற வேண்டும். அதற்குப் பெரியவர்கள் கண்டுபிடித்த வழி இந்தப் புகை. எரிவாயு அடுப்பு வந்த வீடுகளில் பரணுக்குப் புகை இல்லை. அவர்கள் கருப்பட்டியை ஓலைப் பெட்டியிலிருந்து மாற்றி, காற்றுப் புகாத தகர டப்பாவில், ஈரக்கை படாமல் வைப்பது நல்லது.

பெரியவர் இந்த ஆண்டு ஏறியது முப்பது மரம். முன்பு ஐம்பதுக்கு மேல் ஏறியவர். மரத்துக்கு மரம் நாளுக்கு இரண்டு முறையாவது ஏறி இறங்க வேண்டும். பாளையை இடுக்கிக் கட்டி, நுனியை மெல்லிசாகச் சீவிவிட்டுக் கலயம் கட்டவேண்டும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குக் கல்யாணம், கருமாதி எதற்கும் வெளியூர் போக முடியாது. பத்து லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ முதல் ஒன்றரைக் கிலோ வரை கருப்பட்டி. காய்ச்சுவது முழுக்கப் பெண்கள் வேலை. வெயில் காலத்தில் இரண்டு மூன்று மணி நேரம் அந்த அடுப்பின் முன்னால் நிற்பதைப் பார்த்தவர்கள், கருப்பட்டி விலை அதிகம் என்று பேரம் பேச மாட்டார்கள். நீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, உருண்டு திரண்டால் இறக்கி, சிரட்டையில் ஊற்றுவார்கள்.

இங்கேதான் சிக்கல். சீனியின் விலை கருப்பட்டி விலையில் சிறு பங்குதான். பதநீர் கொதிக்கும்போது சீனியைக் கொட்டினால் எடையும் கூடும், சீக்கிரம் உறையும், விறகும் மிச்சம். பதநீர்க் காலமே இல்லாத மாதங்களில்கூட ‘புதுக் கருப்பட்டி’ மூட்டை மூட்டையாகக் கிடைப்பது இப்படித்தான். பனையேறிகளைக் குற்றம் சொல்லி முடித்துவிடுவது எளிது. ஆனால் பலரும் பருவம் தொடங்கும் முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர்கள். சரக்கு அவர் சொல்லும் விலைக்கே போகும். கலப்படக் கருப்பட்டியோடு அதே விலையில் போட்டிபோட வேண்டிய நிலையில், கலக்காமல் காய்ச்சுபவருக்குத்தான் நட்டம். இந்தப் பெரியவருக்கும் முன்பணம் உண்டு. வியாபாரி கேட்டும் கொடுக்காமல் வீட்டுக்கென்று அவர் எடுத்து வைத்த இருபது கிலோதான் அந்தப் பரணில் இருந்தது. சென்னையிலும் கோவையிலும் கடை வைத்திருக்கும் மகன்கள் வரும்போது ஆளுக்கு ஐந்து கிலோ கேட்பார்கள். மிச்சம்தான் கொழுக்கட்டைக்கு.

உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்ல செய்திதான். ஆனால் குறியீடு ஊர்ப் பெயரைத்தான் காக்கும். சட்டிக்குள் விழும் சீனியை அது தடுக்காது. அதற்கு வாங்குபவர் கண்ணும் வேண்டும்.

அசல் கருப்பட்டியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பட்டணத்து வாசகர்கள் கேட்காத மாதம் கிடையாது. உடைத்த இடம் மங்கலான பழுப்பாக இருக்கவேண்டும், சீனிப் பரல்போல மின்னக்கூடாது என்பார்கள் ஊர்ப்பெண்கள். நாக்கில் வைத்தால் இனிப்புக்குப் பின்னால் லேசான உப்பும் சுண்ணாம்பு வாடையும் வரவேண்டும். மழைநாளில் கசியவேண்டும். இவையெல்லாம் அனுபவத்தில் உதவும், அத்தாட்சி ஆகாது. பதநீரில் உள்ள இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், சீனியில் உள்ளதும் அதுவேதான். எனவே கொஞ்சமாகக் கலந்திருந்தால் வீட்டுச் சோதனையில் பிடிபடாது. காய்ச்சுகிற ஆளைத் தெரிந்துகொண்டு, பங்குனி, சித்திரையில் நேரில் போய் ஆண்டுத் தேவைக்கு மொத்தமாக வாங்குவதுதான் நம்பகமான வழி. இதே காரணத்தால், சர்க்கரை நோயாளிகள் கருப்பட்டியை அளவில்லாமல் சாப்பிடலாம் என்று சொல்லி விற்பதையும் நம்பக்கூடாது. இரும்பு, சுண்ணாம்புச் சத்துகள் சீனியைவிட உண்டு என்பது உண்மை. இனிப்பு இனிப்புதான்.

கொழுக்கட்டையோடு இந்த வட்டாரத்துப் பலகாரம் முடிவதில்லை. சிறுபயற்றை வறுத்துத் திரித்து, தேங்காய், எள், கருப்பட்டிப் பாகு சேர்த்து உருட்டி, அரிசிமாவுக் கரைசலில் முக்கிப் பொரிக்கும் முந்திரிக்கொத்து தீபாவளிக்கும் உண்டு, கல்யாணத்துக்கும் உண்டு, மணப்பாடு போன்ற கடற்கரை ஊர்களில் கிறிஸ்துமஸுக்கும் உண்டு. பெயர்தான் முந்திரி. உள்ளே பயறுதான். பத்து நாள் கெடாது என்பதால் வெளியூர்ப் பிள்ளைகளுக்குக் கட்டிக் கொடுக்க ஏற்றது. காயல்பட்டினத்தில் பெருநாள் விருந்துக்கு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கும் வட்டிலப்பத்தின் சுவை தனி. கடைத்தெருவில் சுடச்சுடக் கிடைக்கும் கருப்பட்டி மிட்டாயைப் பார்த்து ஜிலேபி என்று சொன்னால் கடைக்காரர் கோபித்துக்கொள்வார்.

மறுபடி அந்த முற்றத்துக்கு. மாலையில் விளக்கேற்றியதும் கொழுக்கட்டை பிரிந்தது. மருமகளின் தாய்வீட்டார் மதுரையிலிருந்து முதல்முறையாகக் கார்த்திகைக்கு வந்திருந்தார்கள். ஓலையைப் பிரிக்கத் தெரியாமல் அவர்கள் திணறியதில் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு. நாரை இழுத்து, ஓலையின் இரண்டு பக்கத்தையும் விரித்தால் கொழுக்கட்டை ஓலையின் வரிகளோடு அப்படியே வரும். கடைக் கருப்பட்டியில் கிளறிய முதல் ஈடும் வீணாக்கப்படவில்லை. அதை உதிர்த்துத் தேங்காய்ப்பால் விட்டுக் கஞ்சியாக்கி விட்டார் மாமியார்.

“மாமா இன்னும் எத்தனை வருசம் ஏறுவாக?” என்று சம்பந்தி கேட்டதற்குப் பெரியவர் உடனே பதில் சொல்லவில்லை. மகன்கள் யாரும் ஏறப் பழகவில்லை. பழக வேண்டும் என்று அவரும் சொன்னதில்லை. விழுந்து இடுப்பொடிந்தவர்களை ஊரில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். “கால் இருக்க மட்டும்” என்றார் கடைசியில்.

மரம் குறைந்ததற்கு ஏறுபவர் குறைந்தது ஒரு காரணம், செங்கல் சூளை இன்னொரு காரணம். ஏறாத மரம் வருமானம் தராது, வருமானம் தராத மரம் விறகுக்குப் போகும். 2021-இல் வந்த தமிழகத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. அதே அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் வழங்கவும் திட்டமிடப்பட்டது. விதைப்பதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நட்டதிலிருந்து பாளை வர 12 முதல் 15 ஆண்டுகள்வரை ஆகும். அது ஆணா பெண்ணா என்று பாளை வந்த பிறகுதான் தெரியும். இரண்டிலும் பதநீர் எடுக்கலாம் என்பதால் வருமானத்துக்குக் குறைவில்லை. ஆவணி, புரட்டாசியில் விழும் நன்கு பழுத்த பழத்தின் கொட்டையை எடுத்து, வடகிழக்குப் பருவமழைக்கு முன், 10 அடி இடைவெளியில் ஓர் அடிக் குழியில் போட்டு மூடினால் போதும். வேலியோரத்தில் முதல் சில ஆண்டுகள் ஆடு, மாடு கடிக்காமல் பார்த்துக்கொண்டால் அப்புறம் அதுவே பார்த்துக்கொள்ளும்.

மிச்சமாகும் கொட்டைகளை மேட்டுப்பாத்தியில் நெருக்கமாக அடுக்கி மண் மூடினால் தைப் பொங்கலுக்குக் கிழங்கு. கார்த்திகை சமயத்தில் ஒன்றிரண்டை வெட்டிப் பார்த்தால் உள்ளே பஞ்சுபோலத் தவுண் இருக்கும். பிள்ளைகளுக்கு அது தனித் தீனி. மார்கழி கடைசியில் பாத்தியைத் தோண்டி, மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கைக் கட்டுக் கட்டாகக் கரும்போடு சேர்த்து மகள் வீட்டுப் பொங்கல்படியில் வைப்பார்கள். அந்த வீட்டுப் பின்புறத்தில் பெரியவர் போட்ட பாத்தியில் சுமார் ஐந்நூறு கொட்டை இருக்கிறது. மதுரைச் சம்பந்திக்கும் இரண்டு கட்டு உண்டு என்று அன்று இரவே சொல்லிவிட்டார்.