பதினாலு வளைவும் ஒரு பெயர்ப்பலகையும்

செமஸ்டர் முடிஞ்சாச்சா? கையில காசு கம்மியா? கவலையை விடுங்க, ஏலகிரிக்குப் போயிட்டு வருவோம். ரயில்ல வர்றவங்க ஜோலார்பேட்டையில இறங்கிக்கலாம். ஒரு விஷயம், 2019-லிருந்து இது வேலூர் இல்லை, திருப்பத்தூர் மாவட்டம்!

பொன்னேரி தாண்டினா மலைப்பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள். எல்லாத்துக்கும் புலவர்கள், வள்ளல்கள் பேர். கம்பருக்கு ஒரு வணக்கம், பாரிக்கு ஒரு ஹாரன்னு ஏறிக்கிட்டே இருக்கலாம்.

இப்போ ஒரு கற்பனை. பத்தாவது படிக்கிற பையன் ஒருத்தன், அந்தப் பெயர்ப்பலகையில ஆணியால ஹார்ட்டின் கீறி மாட்டிக்கிட்டான். என்ன செய்வீங்க? நாலு அறையா? போலீஸ் ஸ்டேஷனா? 'சின்னப் பையன், விடுப்பா'வா? மூணுலயும் பலகை அப்படியேதான் இருக்கும்!

அமெரிக்காவுல, அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரத்துல இதுக்கு வேற வழி வெச்சிருக்காங்க. 1989-ல் அங்கே இளைஞர் நீதிமன்றம் ஆரம்பமாச்சு. நீதிபதி, வக்கீல் எல்லாமே டீன் ஏஜ் பசங்கதான். சட்டம் படிச்சு, பரீட்சை எழுதி பாஸானாதான் அந்த நாற்காலி. விசாரிக்கிறது சின்னக் குற்றங்களை. தண்டனை? சமூக சேவை, மன்னிப்புக் கடிதம், கட்டுரை. அதாவது, கீறினவனே பெயின்ட் அடிக்கணும். ஊருக்குப் பலகை திரும்பக் கிடைக்கும், பையனுக்கு மானமும் திரும்பக் கிடைக்கும்.

பலன் இருக்கா? 2002-ல் அர்பன் இன்ஸ்டிட்யூட் நாலு மாநிலங்கள்ல ஆராய்ஞ்சது. அலாஸ்காவுல, ஆறு மாசத்துக்குள்ள மறுபடி தப்பு பண்ணினவங்க 6 சதவீதம்தான். வழக்கமான வழியில போனவங்கள்ல 23 சதவீதம்! ஆனா ரெண்டு மாநிலங்கள்ல பெரிய வித்தியாசம் தெரியலை. அதனால இது மந்திரக்கோல் இல்லை, நடத்துறவங்களைப் பொறுத்தது.

நம்ம நாட்டுல 18 வயசுக்குக் கீழே உள்ளவங்களை விசாரிக்கிறது இளைஞர் நீதிக் குழுமம். ஒரு மாஜிஸ்திரேட், ரெண்டு சமூகப் பணியாளர்கள். பசங்களுக்கு அதுல நாற்காலி இல்லை. ஆனா 2015 சட்டத்துலயே சமூக சேவை ஒரு தீர்வா இருக்கு. பையனோட பேரை வெளியிடவும் கூடாது.

ராகிங், அடிதடி எல்லாம் நாம விசாரிக்கிற விஷயமில்லை. ஹாஸ்டல் சுவர்க் கிறுக்கல், உடைஞ்ச பெஞ்ச் மாதிரி சின்னச் சின்ன விஷயங்களை நாமே உட்கார்ந்து பேசித் தீர்க்கலாமே? கேலி பண்ணாம, பேரைப் பரப்பாம!

இறங்கும்போது கவனிங்க. ஒவ்வொரு வளைவுலயும் வண்டி மெதுவாகித் திரும்புது. தப்பு பண்ணின பையனுக்கும் திரும்ப ஒரு இடம் வேணும். கொடுப்பீங்களா?