வேட்டியில் ஒரு தொட்டில்

மொட்டைமாடியில் மூங்கில் நட்டு, நைலான் வலை கட்டியவர் கணவர். அவர் போய் ஓராண்டாக வலை வெறுமையாகவே நின்றது. தை பிறந்ததும் அந்த அம்மா குரோ பேக்கில் முலாம்பழ விதை ஊன்றினார். கொடி வலையைப் பற்றி ஏறியது. முதலில் ஆண் பூக்கள்தான். பிறகு, அடியில் குட்டிக் காயோடு பெண் பூக்கள் வந்தன. காலையிலேயே ஆண் பூவைப் பறித்து அவற்றில் தொட்டுவிட்டார். இரண்டு காய் பிடித்தன.

முலாம்பழம் பழுத்தால் காம்பைவிட்டுத் தானே கழன்று விழும். கீழே துணி கட்டித் தாங்க வேண்டும். பீரோவில் கணவரின் பழைய வேட்டி இருந்தது. கிழிக்க இரண்டு நாள் மனசு வரவில்லை. மூன்றாம் நாள் கிழித்துக் கட்டினார்.

ஒரு காலை மாடியெங்கும் வாசனை. பழம் அடிபடாமல் வேட்டிக்குள் கிடந்தது. பேரனுக்கு நறுக்கிக் கொடுத்துவிட்டு, விதைகளைக் கழுவிக் காயவைத்தார். பக்கத்திலேயே அந்த வேட்டித் துண்டையும்.